கூரைச் சன்னல்: வெளிச்சம் வேணும், வெப்பம் வேணாம்... எந்தத் திரை சரி?

சிங்கப்பூரின் வரிசை வீடுகளில் பெரும்பாலும் முன்பக்கமும் பின்பக்கமும்தான் சன்னல். இரு புறமும் பக்கத்து வீட்டுச் சுவர். நடுவில் இருக்கும் படிக்கட்டும் சாப்பாட்டு மேசையும் இருட்டாகிவிடும்.

அதனால் சிலர் கூரையில் கண்ணாடி பதித்து 'ஸ்கைலைட்' அமைக்கிறார்கள். பகலில் விளக்கு தேவையில்லை. ஆனால் மதிய வெயிலில் அதன் கீழே உட்கார முடியுமா?

ஏன் இவ்வளவு சூடு?

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குச் சுமார் 1 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுக்க மதிய வெயில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல்தான். நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணிவாக்கில். சுவர்ச் சன்னலில் சாய்வாக விழும் வெயில், கூரைக் கண்ணாடியில் ஏறக்குறைய நேராக இறங்கும்.

உள்ளே தடிமனான திரை போட்டால் போதாதா?

போதாது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் திரையைச் சூடாக்கும். அந்தச் சூடு வீட்டுக்குள்தான் பரவும். கறுப்புத் திரை என்றால் இன்னும் மோசம். வெளிச்சமும் போச்சு, வெப்பமும் தங்கியாச்சு!

என்ன தெரிவு இருக்கு?

• வெளித்திரை: வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே தடுக்கும். வெப்பத்துக்கு இதுதான் சிறந்தது. மழை, காற்றைத் தாங்கும் துணி அவசியம். கூரையில் நீங்களே ஏறாதீங்க, நிபுணரைக் கூப்பிடுங்க.

• கண்ணாடி ஃபிலிம்: சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். தரமான ஃபிலிம் அதில் பெரும்பகுதியைத் தடுத்து, வெளிச்சத்தை விடும். ஆனால் பொருந்தாத ஃபிலிமை ஒட்டினால் கண்ணாடி சூடேறி விரிசல் விடலாம். உங்கள் கண்ணாடி எந்த வகை என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

• தேன்கூட்டுத் திரை: அறைகளுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைக் குறைக்கும். கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளையாக இருந்தால், வெயிலில் ஒரு பகுதி திரும்பிப் போகும்.

• சாதாரண ரோலர் திரை: கண்கூச்சம் குறையும். வெப்பத்துக்குப் பெரிய உதவி இல்லை.

வாங்கும் முன்...

திரை எட்டாத உயரத்தில் இருக்கும். இழுக்க நீண்ட கோலா, மோட்டாரா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தொங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். கழுத்தில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து.

பட்ஜெட் இடம் கொடுத்தால் முதலில் வெளித்திரை, அடுத்து ஃபிலிம், கடைசியில் உள்திரை. இந்த வரிசையை மாற்றினால், குளிர்சாதனக் கட்டணத்தில் அது தெரியும்.