பொன்மலைக்கு வரும் நோயாளி

'வண்டிக்குப் பிக்கப் இல்லை' என்பது திருச்சிப் பட்டறைகளில் நாள்தோறும் கேட்கும் புகார். ஆங்கிலத்தில் ஒருவகைச் சிறு சரக்கு வண்டிக்குப் பெயரான சொல், நம் ஓட்டுநர்களின் வாயில் எஞ்சினின் இழுவைத் திறனைக் குறிக்கலாயிற்று. பழைய சரக்கு வண்டி ஒன்று மேட்டில் திணறும்போது இருவகை மெக்கானிக்குகளைக் காணலாம். ஒருவர் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று அந்தக் கணமே தீர்ப்பளிப்பார். மற்றவர் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டுவார். டீசல் வடிகட்டியைப் பார்ப்பார். சக்கரத்தைக் கையால் சுழற்றி பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சோதிப்பார். அதற்குப் பின்னரே எஞ்சினைப் பற்றிப் பேசத் தொடங்குவார். இவ்விருவருக்கும் இடையிலான வழக்கு, திருச்சியில் மிகப் பெரிய அளவில் ஒரு முறை நடந்திருக்கிறது. அதன் களம் பொன்மலை ரயில்வே பணிமனை. நோயாளி, நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும் உதகை வரை 1908இலும் திறக்கப்பட்ட பாதை அது. 46 கிலோமீட்டரில், கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, பன்னிரண்டரை அடி முன்னால் நகர்ந்தால் ஓரடி மேலே ஏற வேண்டும். வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறுமாறு செய்தார்கள். இந்தியாவில் இவ்வகைப் பாதை இது ஒன்றே. இதற்கெனச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை 1914 முதல் 1925 வரையும், மீண்டும் 1952இலும் செய்து அனுப்பியவையே 'எக்ஸ்' வகை எஞ்சின்கள்.

இவற்றின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்லாமல் நோயைப் பற்றிப் பேச முடியாது. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். கீழ்ச்சோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேல்சோடி பல்சக்கரங்களை ஓட்டும். சமதளத்தில் கீழ்ச்சோடி மட்டுமே உழைக்கும். பற்சட்டப் பகுதிக்குள் நுழைந்ததும், கீழ்ச்சோடியில் உழைத்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மேல்சோடிக்குப் போய் மறுமுறை உழைக்கும். அழுத்தம் குறைந்த அந்த நீராவிக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதால், மேல்சோடி ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் இயங்குகிறது. ஒரே நீராவியை இருமுறை வேலை வாங்கும் இந்தச் சிக்கனம் அழகானது. ஆனால் இழுவை குறைந்தால் எங்கே ஓட்டை என்று தேட வேண்டிய இடங்களும் இருமடங்காகிவிடுகின்றன.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில், பொன்மலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் அவர் முதலில் சொல்வது, "பிரஷர் கேஜைப் பாக்காம வாயத் திறக்கக் கூடாது சார்" என்பதுதான். நோயறிதலின் முதல் கிளை அங்கேதான் பிரிகிறது. மலையேறும்போது கொதிகலனின் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால் கோளாறு நெருப்பிலோ கொதிகலனிலோ இருக்கிறது. நீராவியே போதிய அளவு பிறக்கவில்லை. அழுத்தம் குறையாமல் நின்றும் வண்டி நகர மறுத்தால், பிறந்த நீராவி சிலிண்டர்களில் வீணாகிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எஞ்சினைப் பிரிப்பவர் வாரக்கணக்கில் தவறான இடத்தில் தோண்டிக்கொண்டிருப்பார்.

நீராவி பிறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கரியில் சாம்பல் மிகுந்திருக்கலாம். அது உருகிக் கட்டியாகி அடுப்பின் கம்பிச்சட்டத்தை அடைத்து, காற்று மேலேறாமல் தடுக்கும். கொதிகலன் குழாய்களின் உட்புறம் கரிப்புகை படிந்திருக்கலாம். வெளிப்புறத்தில், நீர்ப்பக்கம், உப்புப் படலம் தடித்திருக்கலாம். இவ்விரண்டும் வெப்பத்தை நீருக்குச் சேரவிடாத போர்வைகள். குழாய் ஒன்று கசியலாம். இவை எதுவும் இல்லாமலும் நெருப்பு மந்தமாக எரிவதுண்டு. அப்போது முன்புறப் புகைப்பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே பாயும்போது புகைப்பெட்டிக்குள் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இழுப்புதான் அடுப்புக்குள் காற்றைக் கொண்டுவருகிறது. புகைப்பெட்டிக் கதவின் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று குறுக்கு வழியில் நுழைந்துவிடும், அடுப்புக்கு மூச்சு முட்டும். அதைக் கண்டுபிடிக்க எரியும் சுடர் ஒன்றைக் கதவின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போவார்களாம். சுடர் எந்த இடத்தில் உள்நோக்கிச் சாய்கிறதோ, அங்கேதான் ஓட்டை. அவ்வளவு பெரிய இயந்திரத்தின் நோயை ஒரு திரிச்சுடர் காட்டிக்கொடுக்கிறது என்பதை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிலிண்டர்ப் பக்கத்து நோயைக் காதுதான் கண்டுபிடிக்கும். சமதளத்தில் ஓடும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியில் நான்கு அடிகள் கேட்கும். நான்கும் ஒத்த வலிமையோடு, ஒத்த இடைவெளியில் விழ வேண்டும். ஒன்று தள்ளி விழுந்தால் வால்வின் அமைவு பிசகியிருக்கிறது. அடிகளுக்கு இடையே ஓயாத சீறல் கேட்டால் வால்வோ பிஸ்டன் வளையமோ கசிகிறது. வெண்பாவில் தளை தட்டினால், இலக்கணம் கல்லாத ஆனால் பாடிப் பழகிய காதுக்கும் அது உறுத்தும் என்று வகுப்பில் சொல்வதுண்டு. அதே காதுதான் இது. ஐயம் தீர, வண்டியை பிரேக் போட்டு நிறுத்தி, வால்வை நடுநிலையில் வைத்து, ரெகுலேட்டரைச் சிறிதே திறந்து எந்த வாய் வழியாக ஆவி கசிகிறது என்று பார்ப்பார்கள். கல்லாறு வரை நன்றாக ஓடிவிட்டுப் பற்சட்டத்தில் மட்டும் தளர்ந்தால் மேல்சோடியைச் சந்தேகிப்பது இயல்பு. ஆனால் கொதிகலனின் பலவீனமும் அந்த நீண்ட ஏற்றத்தில்தான் வெளிப்படும். அழுத்தமானியை முதலில் பார் என்று அவர் வற்புறுத்துவது இதனால்தான்.

பொன்மலைக்கு வேறொரு 'நோயறிதல்' வரலாறும் உண்டு. அதைச் சொல்லாமல் நகர முடியாது. நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் திருச்சியிலும் இருந்த பட்டறைகளைத் திரட்டி, 1928ஆம் ஆண்டையொட்டி, பொன்மலையில் புதிய பணிமனையை அமைத்தது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. புதிய இயந்திரங்கள் வந்த பின் ஆட்கள் மிகுதி என்று கணக்கிட்டு, தொழில்திறன் தேர்வு வைத்துத் திறன் குறைந்தோரைக் கழித்துவிட முனைந்தது. ஆண்டுக்கணக்கில் எஞ்சின்களைச் சோதித்தவர்களைச் சோதிக்கும் தேர்வு. 1928 ஜூலையில் மூண்ட பெரும் வேலைநிறுத்தத்தின் வேர் இங்கே இருக்கிறது. அது ஒடுக்கப்பட்டது, சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைத்தண்டனை பெற்றனர். உற்பத்திக் குறைவுக்குக் காரணம் எங்கே என்று கிளை பிரித்துப் பார்க்காமல், ஆளின் திறமையில் கொண்டுபோய் முடித்த அந்தத் தேர்வை, 'எஞ்சினுக்கு வயதாகிவிட்டது' என்னும் மெக்கானிக்கின் தீர்ப்போடு சேர்த்துத்தான் என்னால் வாசிக்க முடிகிறது.

மலை எஞ்சின்களுக்கும் அதே தீர்ப்பு காத்திருந்தது. இந்திய ரயில்வேயில் அகலப்பாதை நீராவி வண்டிகள் 1995இல் ஓய்ந்தன. மீட்டர் பாதையிலும் சில ஆண்டுகளில் அவை மறைந்தன. நாடு முழுதும் நீராவி இருந்தவரை, அதற்கென நல்ல கரி, உதிரிபாகம், கைதேர்ந்த ஆட்கள் என்று ஒரு பெரிய ஏற்பாடே பின்னால் இருந்தது. அது கலைந்தபின் நீலகிரி எஞ்சின்கள் அநாதையாயின. நடுவழியில் மூச்சு வாங்கி நிற்பது செய்தியானது. எண்பது வயது எஞ்சின் வேறென்ன செய்யும் என்று கேட்டவர்கள் பலர். நோயின் பெரும்பகுதி எஞ்சினுக்கு வெளியே இருந்தது என்பது என் துணிபு.

சிகிச்சை நடந்த வரிசையே அதற்குச் சான்று. 2000களின் தொடக்கத்தில் கரிக்குப் பதில் எண்ணெயில் எரியுமாறு எஞ்சின்கள் மாற்றப்படலாயின. அடுப்பு மாறியது; சிலிண்டர்களின் அமைப்பு மாறவில்லை. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2011 முதல், அதே பழைய வடிவத்தில் எண்ணெயில் எரியும் புதிய எஞ்சின்களைப் பொன்மலையே செய்து அனுப்பியது. விண்டர்தூரில் அந்தப் பழைய தொழிற்சாலை இல்லாமற்போனபின், அதன் கணக்கறிவு திருச்சியில் தொடர்ந்தது என்று சொல்லலாம். தேய்ந்த பாகங்களை ஒவ்வொன்றாக அளந்து, புதிதாகச் செய்து பொருத்திப் பழகிய கைகளுக்கு முழு எஞ்சினைச் செய்வது அடுத்த படிதான்.

2021இல் 37400 என்ற எண்ணோடு பொன்மலையிலிருந்து வெளிவந்த எக்ஸ் வகை எஞ்சின், கரியில் எரிவது! முழுதும் இங்கேயே செய்தது. திருச்சிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே மீட்டர் பாதை இப்போது இல்லை. எனவே மலையேறப் பிறந்த இந்த எஞ்சின்கள் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் டிரெய்லர் லாரியின் முதுகில் பயணம் செய்து மலையடிவாரத்தை அடைகின்றன. கரூர்ச் சாலையில் அப்படியொன்று போனால் நண்பர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பாருங்கள். முன்பக்கம் வட்டமாகத் தெரிவது புகைப்பெட்டிக் கதவு. ஃபிட்டரின் சுடர் சுற்றிவந்தது அதன் விளிம்பைத்தான்.