பயனர் எண் 363

2006-இல் நியூ ஜெர்சியில் ஆன்சைட் வேலையில் இருந்தபோது என்னோடு தங்கியிருந்த நண்பன் ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரில் போக்கர் ஆடுவான். ஒரு நாள் விடிகாலையில் என்னை எழுப்பி, "டேய், ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு அடிக்கிறாங்கடா, நான் ஏத்தினா அவன் ஏத்துறான், அவன் ஏத்தினா இவன் ஏத்துறான்" என்றான். அதற்குள் இரண்டு மாத வாடகைப் பணம் போயிருந்தது. "ஆடத் தெரியாதவனுக்கு மேசை கோணல்" என்று சொல்லிவிட்டு நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அது சரியான பதில்தானா என்ற சந்தேகம் அடுத்த வருடமே வந்துவிட்டது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் அவன் சொன்ன குற்றச்சாட்டைப் பார்ப்போம். டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவுச் சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. நேரில் ஆடும்போது கூட்டாளிகள் ஜாடை காட்ட வேண்டும், மாட்டினால் உதை. ஆன்லைனில் ஒரு போன் கால் போதும். ஆனால் சீட்டைப் பகிர்ந்துகொள்வதால் மட்டும் பெரிய லாபம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பொதுச் சீட்டு திறந்தபின் உங்களுக்கு நான்கு ஹார்ட்டின் சேர்ந்திருக்கிறது, ஐந்தாவது வேண்டும். பார்க்காத சீட்டு 47, அதில் ஹார்ட்டின் 9. அடுத்த சீட்டில் வர வாய்ப்பு 19 சதவீதம். கூட்டாளி "என் கையில ரெண்டு ஹார்ட்டின் இருக்கு" என்கிறான். இப்போது 45-இல் 7, அதாவது 15.6 சதவீதம். ஆதாயம் அவ்வளவுதான்.

உண்மையான அடி வேறு இடத்தில் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவரை இரண்டு பக்கமும் ஏற்றி ஏற்றி நசுக்குவது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. நீங்கள் போட்ட பணத்தை விட்டுவிட்டுச் சீட்டைக் கவிழ்ப்பீர்கள். அதன் பிறகு அவர்களில் ஒருவர் சாதுவாகக் கவிழ்த்துவிடுவார். பணம் எந்தப் பையில் போனாலும் வீடு ஒன்றுதான். இதுல சிக்கல் என்னன்னா, முரட்டுத்தனமாக ஆடும் இரண்டு நேர்மையான ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் ஆட்டம் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். ஒரு ராத்திரி ஆட்டத்தை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, 2007-க்கு வருவோம். அப்சொல்யூட் போக்கர் என்ற தளத்தில் கிரேகேட், ஸ்டீம்ரோலர், டபுள்டிராக், போட்ரிப்பர் என்று சில கணக்குகள் பெரிய தொகை மேசைகளில் ஆடின. மோசமான சீட்டை வைத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் ஏற்றும் ஆட்கள். அப்படி ஆடுபவன் வழக்கமாக ஒரு வாரத்தில் காலியாகிவிடுவான். இவர்கள் காலியாகவில்லை. எதிராளியிடம் பலமான சீட்டு இருக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக விலகிக்கொண்டார்கள். ஆடியவர்களுக்குச் சந்தேகம் வந்தது. நிறுவனம், அப்படி எதுவும் நடக்க வாய்ப்பே இல்லை என்றது.

அந்தச் செப்டம்பரில் ஆயிரம் டாலர் நுழைவுக் கட்டணப் போட்டி ஒன்றில் போட்ரிப்பர் ஜெயித்தார். கடைசிக் கையில், ஒரு ஜோடிகூட இல்லாமல் வெறும் பத்தை வைத்துக்கொண்டு, எதிராளி மொத்தப் பணத்தையும் வைத்தபோது "வா பார்க்கலாம்" என்று ஏற்றுக்கொண்டார். எதிராளி மார்கோ ஜான்சனிடம் இருந்த பெரிய சீட்டு ஒன்பது! வெறும் பத்தோடு அப்படி நிற்க ஒருவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அல்லது கண் தெரிந்திருக்க வேண்டும்.

ஜான்சன் தன் ஆட்டப் பதிவைக் கேட்டு எழுதினார். வழக்கமாக அவரவர் சீட்டு மட்டும் இருக்கும் ஒரு சாதாரணப் பதிவுதான் வரும். இந்த முறை ஒரு பெரிய எக்செல் கோப்பு வந்தது. போட்டியில் ஆடிய அத்தனை பேரின் மறைவுச் சீட்டு, ஐபி முகவரி, யார் எந்த மேசையை வேடிக்கை பார்த்தார்கள் என்பது வரை எல்லாம் அதில் இருந்தது. யாரோ தவறுதலாக அனுப்பியிருக்க வேண்டும். பத்து வருடம் சப்போர்ட் டிக்கெட் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரித் தவறு நடக்கக் கூடியதுதான்.

கோப்பை ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள். முதல் இரண்டு கையிலும் போட்ரிப்பர் சீட்டைக் கவிழ்த்திருக்கிறார். மூன்றாவது கையில் ஒரு பார்வையாளர் மேசைக்கு வருகிறார், பயனர் எண் 363. அதன்பின் சுமார் இருபது நிமிடத்துக்குப் பொதுச் சீட்டு வருமுன் போட்ரிப்பர் ஒரு கையைக்கூடக் கவிழ்க்கவில்லை. பிறகு ஒரே ஒரு முறை கவிழ்த்தார். அந்தக் கையில் வேறொருவரிடம் ராஜா ஜோடி இருந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்த 363 என்ற எண். லட்சக்கணக்கானவர்கள் பதிவு செய்த தளத்தில் மூன்று இலக்க எண் என்றால் கடை திறந்த புதிதில் உருவான கணக்கு. டேட்டாபேஸில் முதல் சில நூறு வரிகளில் யார் இருப்பார்கள் என்று நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோதனைக்குப் போட்டது, முதலாளிக்குப் போட்டது, முதலாளியின் நண்பருக்குப் போட்டது. கூட்டாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள்தான், ஆனால் ஒருவர் ஆட்டமே ஆடவில்லை. அவர் வேலை எல்லோர் சீட்டையும் பார்ப்பது மட்டும்.

அக்டோபரில், உள்ளிருந்தே அத்துமீறல் நடந்தது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. உரிமம் கொடுத்திருந்தது கனடாவில் மாண்ட்ரியல் அருகே உள்ள கானவாகே மோஹாக் பகுதியின் சூதாட்ட ஆணையம். 2008 ஜனவரியில் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. உரிமம் போகவில்லை. நிறுவனத்தின் அப்போதைய உரிமையாளர் அதே கானவாகேயின் முன்னாள் பெருந்தலைவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் உறுத்தத்தான் செய்கிறது.

அதற்குள் அதே உரிமையாளரின் இன்னொரு தளமான அல்டிமேட்பெட்டிலும் புகை கிளம்பியது. இங்கே எக்செல் கோப்பு எதுவும் வரவில்லை. எனவே பழைய ஆட்டப் பதிவுகளைச் சேர்த்துப் புள்ளியியல் போட வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் ஜோசம். எவ்வளவு அடிக்கடி ஒருவர் பணத்தை இறக்கி ஆடுகிறார் என்பது ஒரு அச்சில், எவ்வளவு ஜெயிக்கிறார் என்பது மறு அச்சில். சாதாரண ஆட்களெல்லாம் ஒரு ஓரத்தில் மேகம் மாதிரி குவிந்து கிடந்தார்கள். நியோநியோ என்ற கணக்கு மட்டும் தனியாக எங்கோ உச்சியில் நின்றது. சுமார் 3,000 கைகளில் ஏறத்தாழ 3 லட்சம் டாலர் வரவு. சராசரியிலிருந்து சுமார் 10 திட்டவிலக்கம் தள்ளி! பத்து லட்சத்தில் ஒருவருக்கு விழும் லாட்டரி தொடர்ந்து ஆறு தடவை விழுவதற்குச் சமம் என்று விளக்கினார்கள். புள்ளியியல் படிக்காதவர்களுக்கும் புரியும் உவமை.

விசாரணையில், 2004 மே முதல் 2008 ஜனவரி வரை எதிராளிகளின் சீட்டைப் பார்க்கும் நிரல் அந்தச் சர்வரில் இருந்தது தெரியவந்தது. கணக்குப் பெயர்களை மாற்றி மாற்றி ஆடியிருக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரப்பட்ட தொகை சுமார் 2.2 கோடி டாலர். முக்கியப் பொறுப்பாளி என்று ஆணையம் பெயர் சொன்னது ரஸ் ஹாமில்டனை. 1994 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் ஜெயித்தவர். அந்த ஆண்டு வெள்ளிவிழா என்பதால் பத்து லட்சம் டாலரோடு, அவர் எடைக்கு எடை வெள்ளியும் கொடுத்திருந்தார்கள். ஆள் கொஞ்சநஞ்ச எடை இல்லை, 150 கிலோ இருக்கும்.

இவர்கள் மாட்டியதற்குக் காரணம் பேராசை என்பது என் கணிப்பு. மாதத்துக்கு நாலு கை மட்டும் பார்த்து ஆடியிருந்தால் அந்த வரைபடத்தில் மேகத்துக்குள்ளேயே இருந்திருப்பார்கள். கூட்டு ஆட்டம் அப்படி இல்லை. அதன் ஆதாயம் இயல்பிலேயே சிறியது, எனவே தப்பிப்பது சுலபம். 2010-இல் போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் பத்துப் பேர் ஆடி ஐந்து பேருக்கு இரட்டிப்புப் பணம் கிடைக்கும் ஆட்டங்களில் சீனாவிலிருந்து ஆடிய ஒரு குழு பிடிபட்டது. அங்கே முரட்டு ஆட்டத்துக்கே வேலை இல்லை. தங்களுக்குள் ஒருவரை ஒருவர் வெளியேற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். திருப்பித் தந்த தொகை 20 லட்சம் டாலருக்கு மேல். ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப ஒரே மேசையில் உட்கார்வது, ஒருவரோடு ஒருவர் மட்டும் மென்மையாக ஆடுவது, இதையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கூட்டினால்தான் பார்க்க முடியும். அந்தப் பதிவு முழுதும் தளத்திடம் இருக்கிறது. தோற்றவனிடம் இருப்பது தான் பார்த்த ஒரு ராத்திரி மட்டும்தான்.

இதை எழுத உட்கார்ந்தபோது நண்பனுக்கு போன் செய்தேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், சீட்டைத் தொட்டே பல வருடம் ஆகிறது. "அந்தப் பழைய ஆட்டப் பதிவெல்லாம் எங்கயாவது சேவ் பண்ணி வச்சிருக்கியாடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "அந்த லேப்டாப்பை அப்பவே வித்துட்டேன். நீதான மேசை கோணல்னு சொன்ன" என்றான்.