கட்டின் வரலாறு: நச்சுத்தடையிலிருந்து தசைப்பயிற்சி வரை

பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வாலிகண்டபுரம் போன்ற பெரம்பலூர் வட்டார ஊர்களில், ‘கட்டுப்போடுதல்’ என்பது எலும்புமுறிவையும் பாம்புக்கடியையுமே நினைவூட்டும். கைகால்களை இறுக்கிக் கட்டி, எடை தூக்கச் செய்து, தசையை வளர்க்கும் குருதியோட்டக் கட்டுப்பாட்டுப் பயிற்சி அங்கு வியப்பையே தரும். இன்று இயன்முறை மருத்துவத்திலும் விளையாட்டுப் பயிற்சியிலும் இடம்பெற்றுள்ள இம்முறைக்குச் சுசுருத சங்கிதையில் வேர் காண முனைவது எளிது, ஆயினும் பொருந்தாது. கைகால்களில் நஞ்சுக்கடி நேர்ந்தால் கடிவாய்க்கு நான்கு விரற்கடை மேலே துணி, தோல், மரநார் முதலியவற்றால் கட்டுமாறு அந்நூல் விதிக்கிறது. ‘அரிட்டை’ எனப்பட்ட அக்கட்டின் நோக்கம் நஞ்சு ஏறாமல் தடுப்பதேயாகும். உறுப்பே அழியக்கூடும் என்பதால் பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டுவதை இன்றைய மருத்துவம் விலக்குகிறது.

ஐரோப்பிய அறுவை மருத்துவத்திலும் கட்டு நெடுங்காலம் தடையாகவே இருந்தது. 1718இல் பெத்தீயின் திருகுக்கட்டு, 1873இல் எசுமார்க்கின் ரப்பர் பட்டை, 1904இல் குசிங்கின் காற்றுப்பட்டை என அது செம்மையுற்றது. இவ்வரிசையிலிருந்து விலகி நிற்பவர் செருமானிய அறுவை மருத்துவர் ஆகசுட் பியர். சிரைவழி திரும்பும் குருதியை மட்டும் மெல்லத் தேக்கி, அத்தேக்கத்தையே மருந்தாக்கி மூட்டுக் காசநோய்க்குப் பயன்படுத்தினார்; அதுபற்றிய அவரது நூல் 1903இல் வெளிவந்தது. நவீனப் பயிற்சிக்குக் கருத்தளவில் நெருங்கிய முன்னோடியாக இவரையே கொள்ளத்தகும்.

ஜப்பானியரான யோசியாக்கி சாத்தோ 1966இல் ஒரு பௌத்தச் சடங்கில் மண்டியிட்டு அமர்ந்திருந்தபோது, மரத்துப்போன கெண்டைக்காலில் கடும் உடற்பயிற்சிக்குப் பிந்தைய விம்மலை உணர்ந்தார். 1973இல் பனிச்சறுக்கில் கால் முறிந்து மாவுக்கட்டில் இருந்த காலத்தில், தொடையில் பட்டை கட்டித் தம்மீதே முறையைச் சோதித்தார். ‘காட்சு’ எனப் பெயர்பெற்ற இம்முறை இவ்வாறு தன்னனுபவத்தில் பிறந்தது. ஆய்வுச் சான்று பின்னரே வந்தது. தக்கராதா குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வுகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அவற்றுள் ஒன்று, முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுவைக்குப் பின் எடையே தூக்காமல் பட்டை அழுத்தம் மட்டும் தந்தபோதும் தொடைத்தசை மெலிவு குறைந்ததைக் காட்டியது.

வழக்கமான வலிமைப் பயிற்சியில் ஒருவர் ஒருமுறை தூக்கவல்ல உச்ச எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தேவைப்படும். இங்கு 20 முதல் 40 விழுக்காடு போதும். உயிர்வளி குறைந்து, வளர்சிதைக் கழிவுகள் தேங்குவதால் குறைந்த எடையிலேயே தசையிழைகள் மிகுதியாக இயங்க நேர்கிறது. அறுவைக்குப் பின் பேரெடை தாங்காத மூட்டுக்கு இவ்வேறுபாடு பெரிது. முழங்கால் முறுக்கம் மிகுந்த கபடியாட்டக்காரருக்கும் இது பொருந்தும். எனினும் வலிமை வளர்ச்சியில் பேரெடைப் பயிற்சியே பெரும்பாலும் முந்துகிறது. நலமுள்ள வீரருக்கு இது துணைப்பயிற்சியே.

அரிட்டையையும் இதனையும் பிரிப்பது அளவீடு. தமனி ஓட்டத்தை முற்றாக நிறுத்தும் அழுத்தத்தை ஒவ்வொருவருக்கும் அளந்து, அதில் 40 முதல் 80 விழுக்காடு மட்டுமே பயிற்சியில் தரப்படுகிறது. கயிற்றிலோ துண்டிலோ அவ்வளவைக் காண இயலாது. சிரைக் குருதியுறைவு நேர்ந்தவரைத் தொடக்கத்திலேயே கேட்டறிந்து விலக்குவதும் இம்முறையின் பகுதியாகும்.