புரட்சிக்குத் தப்பி வந்த மாக்தா நாக்மன்



ரூத்தின் புத்தகத்தை வாசிக்கும்போது அவள் பெத்லெகேமுக்கு வந்ததை மெச்சுகிறோம். அவள் விட்டுவந்த மோவாபை நினைப்பதில்லை. புருஷனின் தேசத்தைத் தன் தேசமாக்கிக்கொண்ட இன்னொரு பெண்ணை இவ்வாரம் நினைவுகூருங்கள்.

மாக்தா நாக்மன் அம்மையார் 1889-இல் ரஷ்யாவில் பிறந்தார். தகப்பனார் யூதர், தாயார் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். நமக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்க் ஐயர் வந்திறங்கினாரே, அந்தச் சபை மரபிலேயே பிள்ளையும் வளர்ந்தார். லியோன் பாக்ஸ்டிடம் ஓவியம் பயின்று, 1913-இல் கவிஞர் மரீனா ஸ்வெத்தாயேவாவை நேரில் இருத்தி வரைந்தார். 1917-இன் புரட்சியும் அதைத் தொடர்ந்த பசியும் அந்த வாழ்வைக் குலைத்தன.

மாஸ்கோவில் அவர் மணந்தவர் நம்மவர்: சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சாரியா. பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை புதுச்சேரிக்கு வந்த 1908-ஆம் ஆண்டில் அதன் பணியிலிருந்து, பின் கடல் கடந்தவர். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராயிருந்தும், எம்.என். ராயோடு முரண்பட்டு விலகினார். 1922-இல் இருவரும் பெர்லினுக்குப் போனார்கள். அங்கே ஆச்சாரியா, ஆங்கிலேயனுடையதாயினும் போல்ஷெவிக்குகளுடையதாயினும் அரசதிகாரமே மனிதனை நசுக்குகிறது என்று எழுதலானார். ரோமர் 13-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கிற நான் அந்த முடிவை ஏற்க மாட்டேன். ஆனால் எஜமானை மாற்றினால் அடிமைத்தனம் தீர்ந்துவிடாது என்பதை அவர் கண்ணால் கண்டு சொன்னார். சொன்னதற்காகத் தோழர்களையும் இழந்தார்.

கணவர் எழுதினார், மனைவி வரைந்தார்.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தபோது, யூதத் தகப்பனின் மகளுக்கு ஞானஸ்நானச் சான்று அரணாகவில்லை. மறுபடியும் ஓட்டம். 1930-களின் நடுவில் பம்பாய்! மொழி தெரியாத அந்நகரில் தூரிகையையே பிழைப்பாக்கினார். பம்பாய்க் கலைச் சங்கத்தில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன. செல்வர்களின் உருவப்படங்களோடு ஏழை எளியவர்களின் முகங்களையும் வரைந்தார். இரண்டு தேசங்களில் கூட்டத்தின் பெயரால் மனிதர் மிதிக்கப்பட்டதைக் கண்டவர், ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்ததை நான் அவருடைய அரசியல் என்றே எண்ணுகிறேன்.

1951 பிப்ரவரி 12 அன்று, தமது ஓவியக் கண்காட்சி திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பாக அவர் மரித்தார். ஆச்சாரியா வறுமையில் மூன்றாண்டுகள் தனித்திருந்து, 1954-இல் அதே பம்பாயில் காலமானார்.