மின்கலத்தின் அறிவிப்பாளர் தொடர்

ஹதீஸ் கலை பயிலும் மாணவருக்கு நாம் முதலில் உணர்த்துவது அறிவிப்பாளர் தொடரின் அருமையை. இடையில் ஒரு பெயர் விடுபட்டாலும் அத்தொடர் அறுந்ததாகவே கொள்ளப்படும். அறிவியல் வரலாற்றையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் தகும். நம் கைப்பேசிகளை இயக்கும் லித்தியம் அயனி மின்கலம் அதற்கோர் எடுத்துக்காட்டு.

இம்மின்கலத்திற்கான 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்ந்தளிப்பதில்லை என்பது அதன் விதி. ஆனால், அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் 2014இல் தன் டிரேப்பர் பரிசை நால்வருக்கு அளித்திருந்தது. குடினஃப், யோஷினோ ஆகியோருடன் ஜப்பானியர் யோஷியோ நிஷியும் ரஷீத் யஸமியும் அதனைப் பெற்றனர். யஸமி, மொராக்கோவின் தொன்மையான கல்வி நகராகிய ஃபாஸில் 1953இல் பிறந்தவர்.

அவர் செய்ததென்ன? மின்கலத்தின் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகத்தையே வைத்தால், மின்னேற்றத்தின்போது அது ஊசிபோல் வளர்ந்து மறுமுனையைத் தொட்டுத் தீப்பற்றச் செய்யும். அடுக்கடுக்கான கரியாகிய கிராஃபைட்டின் இடைவெளிகளில் லித்தியத்தைத் தங்கவைக்கலாம் என 1970களிலேயே ஜெர்மானியர் பெஸன்ஹார்டு ஆய்ந்தார். ஆயினும் திரவக் கரைப்பான்களும் உடன் நுழைந்து அடுக்குகளைச் சிதைத்தன. பிரான்சின் கிரெனோபிளில் ஆய்வு மாணவராயிருந்த யஸமி, திரவத்திற்குப் பதிலாகத் திடமான பாலிமரைப் பயன்படுத்தினார். லித்தியம் கிராஃபைட்டினுள் புகுந்து மீள்வதை 1980 அளவில் மெய்ப்பித்தார். 1983இல் தூசேனுடன் அம்முடிவை வெளியிட்டார்.

1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த முதல் மின்கலத்தில் இருந்தது வேறுவகைக் கரியே. கிராஃபைட்டைச் சிதைக்காத திரவம் கண்டறியப்பட்ட பின்னரே அது பரவலாயிற்று. இன்றும் பெரும்பாலான மின்கலங்களில் அதுவே எதிர்மின்முனை.

எனினும் கிராஃபைட்டுக்கும் எல்லையுண்டு. ஆறு கரி அணுக்கள் சேர்ந்து ஒரு லித்தியம் அணுவையே ஏற்கும். ஒரு கிராமின் கொள்ளளவு 372 மில்லி ஆம்பியர் மணி. சிலிக்கனோ ஏறத்தாழ அதன் பத்து மடங்கு கொள்ளும். ஆனால் அப்போது மும்மடங்குக்கு மேல் பருத்து, நொறுங்கிவிடும். இங்கேதான் நானோ கலவைப் பொருள்கள் துணைபுரிகின்றன. சிலிக்கன் துகள் 150 நானோமீட்டருக்கும் சிறிதானால் பிளவுறுவதில்லை என 2012இல் கண்டனர். அத்தகைய நுண்துகள்களைக் கரியினூடே பொதிந்தால், கரி பருமனைத் தாங்குகிறது, மின்னையும் கடத்துகிறது. 2005இல் சோனி வெள்ளீயம், கோபால்ட்டு, கரி ஆகியவற்றைக் கலந்தும் ஒரு மின்கலம் செய்தது.

யஸமி காட்டிய கரி, புதிய கலவைகளிலும் அடித்தளமாய் நிற்கிறது. அவர் பெயரை மறப்பது ஒரு பிழை. அனைத்தும் அவருடையதே என்று நாம் பெருமை பேசினால் அதுவும் பிழையே. முன்னவர், பின்னவர் பெயர்களை அது துண்டித்துவிடும். தொடரில் ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் வைப்பதே இல்முக்கு நாம் செலுத்தும் அமானிதம்.