ஆக்லாந்து: வீடும் ரயிலும் ஒரே கோரிக்கையானபோது

நியூசிலாந்தின் மிகப்பெரிய நகரமான ஆக்லாந்தில் 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி கூடிய மாநகர மன்றக் கூட்டம், அந்நகரின் வீட்டுப் பிரச்சினையில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் காட்டியது.

குடியிருப்புப் பகுதிகளில் கூடுதல் மாடிகளை அனுமதிக்கும் வரைபடங்களை மன்றம் விலக்கிக்கொள்ள வேண்டும் என்று கோரி, சொந்த வீடு வைத்திருப்போர் அரங்கை நிறைத்திருந்தனர். மன்றத்தின் இளைஞர் ஆலோசனைக் குழுத் தலைவி வாடகைக்குக் குடியிருக்கும் தலைமுறைக்காகப் பேச முற்பட்டபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து கூச்சல் எழுந்தது. 13க்கு 8 என்ற வாக்குகளில் மன்றம் பின்வாங்கியது.

சென்னையிலோ கொழும்பிலோ வளர்ந்தவர்களுக்கு மூன்று மாடிக் கட்டடத்தின் மீது இத்தனை கோபம் ஏன் என்பது விளங்காமல் போகலாம். கால் ஏக்கர் நிலம், அதில் தனி வீடு என்பதே நியூசிலாந்தவரின் பல தலைமுறைக் கனவு. ஆக்லாந்தில் டிராம் வண்டிகள் 1956இல் நிறுத்தப்பட்டன. 1959இல் துறைமுகப் பாலம் திறக்கப்பட்டது. நகரம் கார்களை நம்பி நாற்புறமும் விரிந்தது. 1990களின் முற்பகுதியில் ரயிலில் சென்றோரின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சமாகச் சுருங்கியிருந்தது.

2003இல் நகர மையத்தில் பிரிட்டோமார்ட் நிலையம் திறக்கப்பட்ட பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. 1973இல் பயணிகள் சேவை நின்றுபோன ஒனெஹுங்கா பாதையை மீண்டும் திறக்கக் கோரி, 'கேம்பைன் ஃபார் பெட்டர் டிரான்ஸ்போர்ட்' என்ற தன்னார்வ அமைப்பு மனு இயக்கம் நடத்தியது. 2010இல் அங்கு ரயில் ஓடியது. பருவநிலை மாற்றத்தை முன்னிறுத்தி 2011இல் உருவான 'ஜெனரேஷன் ஜீரோ' என்ற இளைஞர் அமைப்பும் பின்னர் இவர்களுடன் கைகோத்தது. நிலையத்தைச் சுற்றி மக்கள் குடியிருக்க இடமில்லையென்றால் ரயில் காலியாகவே ஓடும், ரயில் இல்லையென்றால் அடுக்குமாடிகள் நெரிசலையே கூட்டும் என்பது இவர்கள் வாதம். வீட்டையும் போக்குவரத்தையும் பிரிக்காமல் கேட்டதே இவர்களின் பலம் என்று கூறவேண்டும்.

பிப்ரவரியில் பின்வாங்கிய மன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு முடிவெடுத்தது. அரசின் வீட்டு வசதி நிறுவனம் உள்ளிட்டோரின் சாட்சியங்களைக் கேட்ட சுயாதீன விசாரணைக் குழு கூடுதல் மாடிகளுக்கே ஆதரவாகப் பரிந்துரைத்தது. மன்றம் அவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றது. குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் முன்பைவிட அதிக வீடுகளைக் கட்ட வழி பிறந்தது.

2015இல் சுமார் 9,000 வீடுகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. 2022இல் அது 21,000ஐத் தாண்டியது. வட்டி விகிதம் உயர்ந்த பின்னர் குறைந்தது. இம்மாற்றம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய வாடகையைவிட உண்மையான வாடகை கால் பங்கு அளவுக்குக் குறைவு என்று ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கணித்தது. இதை மறுக்கும் பொருளியலாளர்களும் உண்டு.

திட்டத்தில் பெரிய குறை ஒன்று இருந்தது. பான்சன்பி, கிரே லின் போன்ற நகர மையத்தை ஒட்டிய பகுதிகளில் பழைய மரவீடுகளின் 'சிறப்புத் தன்மை' காக்கப்படவேண்டும் எனப் பல தெருக்களுக்கு விலக்கு கிடைத்தது. வேலைக்கும் ரயிலுக்கும் அருகிலிருந்த செல்வந்தர் தெருக்கள் தப்பின. புதிய வீடுகளில் பல வேறு புறநகர்களில் எழுந்தன.

தெற்காசியர் பெருமளவில் வாழும் மவுண்ட் ராஸ்கிலில் இன்னொரு ஏமாற்றம். அங்கு அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு நெருக்கமாகப் பல வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. அவ்வழியே விமான நிலையத்துக்குச் செல்லவிருந்த இலகு ரயில் திட்டத்தையோ புதிய அரசு 2024 ஜனவரியில் ரத்துச் செய்தது. வீடு வந்தது, ரயில் வரவில்லை.

550 கோடி நியூசிலாந்து டாலர் செலவிலான நகர மையச் சுரங்க ரயில் பாதையை 2026இல் திறப்பதென இலக்கு வைக்கப்பட்டது. அப்பாதையால் பெரிதும் பயன்பெறும் மவுங்காஃபாவ், கிங்ஸ்லாந்து, மார்னிங்சைட் நிலையங்களின் சுற்றுப்புறத்தில் 15 மாடி வரை அனுமதிக்கும் திட்டமாற்றத்தை மாநகர மன்றம் 2025 நவம்பரில் பொதுமக்களின் கருத்துக்கு முன்வைத்தது. எதிர்ப்பு மீண்டும் கிளம்பியிருப்பது பெரும்பாலும் அதே மரவீட்டுத் தெருக்களிலிருந்துதான்.