கப்பல்கொடி வானேறிய கதை

பினாங்குத் தமிழர் கொடிமலை என்று அழைக்கும் மலைக்கு மலாயில் 'புக்கிட் பெண்டேரா' என்று பெயர். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. உச்சியில் கம்பம் நட்டு, வந்துகொண்டிருக்கும் கப்பல்களைப் பற்றிக் கீழே இருப்பவர்களுக்குக் கொடியால் குறிகாட்டிய இடம் அது. 'பெண்டேரா' போர்ச்சுகீசியரின் 'பண்டெய்ரா'. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்களின் மொழி.

1935இல் அதே பினாங்கின் பாயான் லெப்பாஸில் விமான நிலையம் வந்தபோது, விமானத்துக்கென்று தனிக்கொடி பிறந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரிட்டன் 1931இல் ஏற்படுத்திய 'சிவில் ஏர் என்சைன்' அது. வெளிர்நீலத் துணி, அதில் விளிம்புக்கு விளிம்பு ஓடும் கருநீலச் சிலுவை, சிலுவைக்கு வெள்ளைக் கரை, கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் பிரிட்டனின் யூனியன் கொடி.

'என்சைன்' என்ற பெயர்தான் இதன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கிறது. லத்தீன் 'இன்சிக்னியா', அதாவது அடையாளச் சின்னம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து படைக்கொடியைக் குறித்தது; அதை ஏந்திய இளநிலை அதிகாரிக்கும் அதுவே பெயரானது. பிறகு கப்பலின் பின்புறத்தில் பறந்து அது எந்த நாட்டுடையது என்று சொல்லும் கொடியானது. மூலையில் தேசக்கொடி, மீதிப் பரப்பில் தனி நிறம் என்பது பிரிட்டிஷ் கப்பல்கொடியின் இலக்கணம். விமானக்கொடி அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

வழக்கமும் கப்பலுடையதே. அந்நாளில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவன விமானம் தரையில் ஊர்ந்து வரும்போது, விமானி அறையின் கூரைக்கு மேலே சிறு கம்பில் இக்கொடி பறக்கும். 1936 மார்ச்சில் அந்நிறுவனத்தின் 'டொராடோ' பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்குப் பறந்து புதிய வழியைத் திறந்தது.

மலாய்மொழி இந்த உறவை ஆங்கிலத்தைவிடத் தெளிவாகச் சொல்கிறது. விமானத்துக்கு அது வைத்த பெயர் 'காப்பால் தெர்பாங்', பறக்கும் கப்பல். அந்தக் 'காப்பால்' நம் கப்பலேதான்! தமிழ் வணிகர் ஓட்டிவந்த சொல் வானத்துக்கும் ஏறியிருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நம் பெரியவர்கள் 'ஆகாயக் கப்பல்' என்றதும் இதே போக்கில்தான்.

ஆஸ்திரேலியா 1935இல் இந்த விமானக்கொடியில் தென்சிலுவை விண்மீன்களைச் சேர்த்தது. விடுதலை பெற்ற இந்தியா மூலையில் மூவண்ணத்தை வைத்து, கருநீலச் சிலுவையை அப்படியே விட்டது. ஆனாலும் கொடி அரிதாகவே பறக்கிறது. காரணம் சட்டம். கப்பலின் நாட்டைக் கொடி சொல்கிறது. விமானத்தின் நாட்டை அதன் உடலில் எழுதிய எழுத்துகளே சொல்ல வேண்டுமென்று 1919ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையே முடிவுசெய்துவிட்டது. மலேசிய விமானங்களில் அந்தக் குறி '9எம்'.